வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா, ஒரே நாள், சைக்கிளில்: போனவர்கள் யாராவது உண்டா?

தீவுச்சக்கரம் (கத்ர் போர்ன், மொரீஷியஸ்):

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக மே மாதம் வியன்னா போகிறேன். வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது, திங்கள் இரவுதான் விமானம். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை சைக்கிள் எடுத்து, டான்யூப் ஆற்றோடு போய், எல்லை தாண்டி ஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்து, பிராட்டிஸ்லாவாவில் சாயங்காலம் ரயில் ஏறித் திரும்பலாம் என்று ஆசை. வரைபடத்தில் 65, 70 கிலோமீட்டர் காட்டுகிறது.

தூரம் எனக்குப் பயமில்லை. ஞாயிறுதோறும் இங்கே ஓட்டுகிறேன். கரும்பு வெட்டுக் காலத்தில் லாரிகளுக்கு நடுவே சூயாக் வரை போய், பெல் ஓம்ப்ர், லெ மோர்ன் சுற்றி வந்திருக்கிறேன். பயமெல்லாம் எல்லையைப் பற்றித்தான். பிறந்ததிலிருந்து தீவுக்காரன். தரையில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குவதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நமக்கு வெளிநாடு என்றால் பிளெசான்ஸ் விமான நிலையம்தான்.

பாஸ்போர்ட் எங்கே காட்ட வேண்டும்? இரண்டு நாட்டுக்கும் இரண்டு முத்திரையா? சைக்கிள்காரனுக்குத் தனி வரிசை உண்டா? வழியில் சாப்பாடு கிடைக்குமா? அம்மா ஒரே கேள்விதான் கேட்கிறார்: "நீ அந்தப் பக்கம் போனதும் கேட்டைச் சாத்திட்டா என்னடா பண்ணுவே?" சிரித்தேன். ஆனால் பதில் தெரியவில்லை.


சாட்ஸ்வர்த் வண்டிக்காரன் (டர்பன், தென்னாப்பிரிக்கா):

வணக்கம் ப்ரதர். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

முதல்ல விசா. ஷெங்கன் (நடுவுல பாஸ்போர்ட் பார்க்காத ஐரோப்பிய நாடுகளோட கூட்டு) விசாவுக்கு இப்பவே ஓடுங்க. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுகிட்ட விண்ணப்பிக்கணும், நாள் சமமா இருந்தா முதல்ல நுழையுற நாடு. குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், வேலைக் கடிதம் எல்லாம் கேட்பாங்க. நான் கேப் டவுன்ல வருஷா வருஷம் நடக்குற 109 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்குத் தயாரானதைவிட அந்த ஃபைலுக்குத் தயாரானதுதான் அதிகம்.

எல்லையில ஒண்ணும் இல்லை. நான் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ்ல இருந்து சுவிஸ் பக்கம் க்ராய்ட்ஸ்லிங்கனுக்கு சைக்கிள்ல போனேன். ரெண்டு ஊரும் ஒட்டியே இருக்கு. ஆனா சுவிட்சர்லாந்து ஷெங்கன்ல இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்துல இல்ல. ஆள் போகலாம், சரக்குக்குக் கணக்கு உண்டு. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கல, பையில இறைச்சி இருக்கான்னு கேட்டாங்க. இருந்தது மாமி கட்டிக்கொடுத்த புளிச்சோறு!


ரோஸ்ஹில் டீச்சர் (மொரீஷியஸ்):

தம்பி தீவுச்சக்கரம், சாட்ஸ்வர்த் தம்பி சொன்ன விசா விவரம் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு முழுக்கச் சரி. உமக்கு அது பொருந்தாது. மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு 2009 முதல் ஷெங்கன் நாடுகளில் விசா வேண்டாம். எந்த 180 நாளிலும் 90 நாள் இருக்கலாம். ஐரோப்பாவுக்குள் நுழையும்போது விமான நிலையத்தில் பார்ப்பார்கள், கிளம்பும்போது பார்ப்பார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் முகப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள், வரிசைக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளும். நடுவில் ஆஸ்திரியாவும் ஸ்லோவாக்கியாவும் சந்திக்கிற இடத்தில் முத்திரை கிடையாது. ஸ்லோவாக்கியா 2007 டிசம்பர் 21 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது. அவ்வப்போது போலீஸ் வண்டி நின்று கேட்கலாம், அதனால் அசல் பாஸ்போர்ட் இடுப்புப்பையில் இருக்கட்டும். நம் ஊர்ப் புத்தியில் அசலை அலமாரியில் பூட்டிவிட்டு நகலை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லும், அங்கே சாத்துவதற்குக் கேட்டே இல்லை என்று.

இந்த வழியில் நான் போயிருக்கிறேன். பணி ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, 58 வயதில், மகள் வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும். அதுவும் மே மாதம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் ரோஸ்ஹில்லில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு தரம் போன் செய்தார். எல்லையைப் பற்றி நானும் உம்மைப் போலத்தான் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டியிருந்தது மூன்றே விஷயங்கள்: பிரேக், கடை, காற்று. அதிலும் காற்றுதான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

வாடகைக் கடைக்காரர் எனக்குத் தந்தது நல்ல கனமான வண்டி, மட்கார்டு, விளக்கு, பின்னால் கேரியர் எல்லாம் உண்டு. அதில் பின் பிரேக் கையில் இல்லை, காலில். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். அந்த ஊரில் இது சாதாரணம். சிக்னலில் நிற்கும்போது பெடலைப் பின்னால் சுழற்றி ஒரு காலுக்கு வாகாக மேலே வைத்துக்கொண்டு, பச்சை விழுந்ததும் அழுத்திக் கிளம்புவதுதானே நம் பழக்கம்? அங்கே பின்னால் சுழலவே சுழலாது. பிராட்டர் பூங்கா பக்கத்தில் முதல் சிக்னலில் பச்சை விழுந்தது, நான் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு நின்றேன், பின்னால் பத்துப் பேர் மணியடித்தார்கள். இரண்டாவது சிக்னலுக்கு முன்னால் ஓடிக்கொண்டே வழக்கம்போல் பெடலைப் பின்னால் தள்ளினேன், பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்றது. விழவில்லை. மகள் அதைப் படம் எடுக்கவில்லை என்பதே என் புண்ணியம்.

அடுத்தது, வலப்பக்கம் ஓட்டுவது. கூட்டத்தோடு போகும்போது தானாக வந்துவிடும். ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறும் அந்த முதல் நிமிஷம்தான் ஆபத்து. ஓர்ட் என்ற ஊரில் நிழலில் உட்கார்ந்து எழுந்து நான் மிக நிம்மதியாக இடப்பக்கம் கிளம்பிவிட்டேன். எதிரே வந்த கிழவர் திட்டவில்லை, கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார், 'அந்தப் பக்கம் போம்மா' என்பது போல.

இப்போது கடை. ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் திறக்காது. சனிக்கிழமை ஆறு மணிக்கு மூடினால் திங்கள் காலைதான். பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் மட்டும் உண்டு. இது அங்கே குடியிருக்கும் என் மகளுக்குத் தெரியும், ஆனால் அவள் "அம்மா பார்த்துக்கொள்வாள்" என்று இருந்தாள், நான் "அவள் ஊர், அவள் பார்த்துக்கொள்வாள்" என்று இருந்தேன். விளைவு: இரண்டு ஆப்பிள், நான் ரோஸ்ஹில்லிலிருந்து கொண்டுபோன ஒரு டப்பா முல்கூ. 70 கிலோமீட்டருக்கு முல்கூ சாப்பிட்டுப் பாரும் தம்பி. பசி அடங்காது, தாகம் மட்டும் ஏறும். வியன்னாவில் தெருக்குழாய்த் தண்ணீர் பிரமாதம், 1873-லிருந்து மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் நிரப்பிக்கொள்ளும். நாங்கள் ஆளுக்கு ஒன்றுதான் வைத்திருந்தோம்.

பாதை இப்படி: நகரத்தை விட்டு வடகரையோடு லோபாவ் எண்ணெய்த் துறையைத் தாண்டியதும் ஒரு வெள்ளத்தடுப்பு அணைமேடு வரும். ஷோனாவ், ஓர்ட், எக்கார்ட்ஸாவ், ஸ்டோப்ஃபன்ராய்ட் என்று ஊர்கள். ஊர்கள் எல்லாம் மேட்டுக்கு இடப்பக்கம் உள்ளே தள்ளி இருக்கும், வலப்பக்கம் ஆற்றங்காடு. டான்யூப் கரையோடு போகிறோம் என்று பெயர்தான். அந்தக் காட்டுக்கு அப்பால் ஆறு இருக்கிறதென்று நம்பிக்கொண்டு போக வேண்டும். பாதை கோடு போட்டது போல நேர். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், கால் மணி நேரம் மிதித்தாலும் அது புள்ளியாகவே இருக்கும். நம் தீவில் இவ்வளவு நேரான பாதை எங்கே இருக்கிறது? நாலு திருப்பத்துக்குள் கடல் வந்துவிடும், இல்லாவிட்டால் மலை வந்துவிடும்.

காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்கலாம் என்று நினைத்தால் கொசு. 2006-இல் சிக்குன்குன்யாவில் படுத்து எழுந்த எனக்குக் கொசு என்றால் தனி வெறுப்பு, ஒரு நிமிஷத்தில் மேலே ஏறிவிட்டேன். ஆனால் அந்தக் காடு சும்மா நிற்கிற காடில்லை. அங்கே நீர்மின் நிலையம் கட்ட 1984 டிசம்பரில் மரம் வெட்ட வந்தபோது, ஆயிரக்கணக்கான மக்கள் அந்தக் குளிரில் ஸ்டோப்ஃபன்ராய்ட் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்து நிறுத்தினார்கள். 1996-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஓர்ட் கோட்டையில் அதற்கு ஒரு மையம் இருக்கிறது. நேரமிருந்தால் பாரும். எங்களுக்கு நேரமில்லை, காரணம் காற்று.

காற்றைப் பற்றி நான் சொல்வதைத் தீவுக்காரர் ஒருவரால்தான் புரிந்துகொள்ள முடியும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கிறது. சூயாக்கில் கிரி-கிரி பாறைமேல் நின்றால் முகத்தில் அறையும். அதை எதிர்த்து மிதிக்கும்போது நாம் அழுவதில்லை. ஏன்? சாயங்காலம் வீடு திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும் என்று தெரியும். கரையெல்லாம் சுற்றினாலும் 177 கிலோமீட்டர்தான். காலையில் கொடுத்த கடன் மாலைக்குள் வசூலாகிவிடும். எனக்கு அது இயற்கையின் நியதி போலவே பட்டுப் போயிருந்தது. எல்லை தாண்டிப் போகிறவருக்கு அந்த வசூல் கிடையாது என்பது ஷோனாவுக்கும் ஸ்டோப்ஃபன்ராய்டுக்கும் நடுவில்தான் என் மூளைக்கு எட்டியது. நான் திரும்பி வரப்போவது ரயிலில். அதாவது காற்றுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்.

அந்தச் சமவெளியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். அப்படி அடித்தால் வியன்னாவிலிருந்து கிழக்கே போகிறவருக்கு யோகம், மிதிக்காமலே போகலாம் போல இருக்கும். எல்லா வழிகாட்டிகளிலும் அதனால்தான் அந்தத் திசை. ஆனால் நடுநடுவே தென்கிழக்கிலிருந்தும் நாள்கணக்கில் அடிக்கும். எங்களுக்கு வாய்த்தது அது. கிரி-கிரி காற்று என்னைத் தேடிக்கொண்டு டான்யூப் வரை வந்ததோ என்று நினைத்தேன். மூன்றாவது கியரில், மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர். மகள் முன்னால் போய் காற்றை மறைத்தாள், கொஞ்ச நேரம் கழித்து நான் முன்னால் போனேன், பிறகு இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம்.

ஆகவே தம்பி, என் யோசனை இதுதான். முந்தின நாள் ராத்திரி காற்றுத் திசையைப் பாரும். மேற்குக் காற்றானால் நீர் நினைத்தபடி போம். தென்கிழக்கானால் காலையில் சைக்கிளோடு ரயிலேறி பிராட்டிஸ்லாவா போய் இறங்கி, அங்கிருந்து வியன்னாவை நோக்கி மிதியும். எல்லையை எந்தப் பக்கமிருந்து தாண்டினால் என்ன? தாண்டியது தாண்டியதுதானே. இதை யாராவது எனக்கு முந்தின நாள் சொல்லியிருந்தால் என் முட்டி இன்றைக்கும் அவரை வாழ்த்தும்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டோப்ஃபன்ராய்ட் தாண்டிப் பெரிய பாலத்தில் ஏறித் தென்கரைக்கு வர வேண்டும். அன்றைக்கு முதல்முறையாக டான்யூபை முழுசாகப் பார்த்தது அந்தப் பாலத்தின் மேலிருந்துதான். சாம்பல் கலந்த பச்சை நிறம், நல்ல வேகம். பிறகு ஹைன்பர்க். பழைய மதில், பெரிய வாசல் கோபுரம். இசையமைப்பாளர் ஜோசஃப் ஹைடன் சின்னப் பையனாக இங்கேதான் பள்ளிக்கூடம் போனாராம். எனக்கு அங்கே சங்கீதத்தில் மனம் போகவில்லை, ரயில் நிலையத்தில் போனது. வியன்னாவின் எஸ்-7 ரயில் ஹைன்பர்க் வந்து, அடுத்து வோல்ஃப்ஸ்டால் என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. முடியாதவர்கள் அதிலேறித் திரும்பலாம், இதை நினைவில் வையும். மகள் "ஏறிடலாமாம்மா?" என்றாள். "வோல்ஃப்ஸ்டால் வரை பார்ப்போம்" என்றேன். வோல்ஃப்ஸ்டாலில் ஒரு சங்கடம். 1914-இல் திறந்தபோது அந்தத் தடம் நேராக பிராட்டிஸ்லாவா வரை போயிற்று. இப்போது அங்கே முடிகிறது. தண்டவாளம் நின்றுபோன இடத்துக்கு அப்பால் சைக்கிளில் போவது என்பது எனக்கு வீம்பாகிவிட்டது. அந்த வீம்பு இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

எல்லை எப்போது வந்தது என்று கேட்கிறீரா? வயல், வயலுக்கு நடுவே பாதை, தூரத்தில் வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். நட்சத்திர வட்டம் போட்ட நீலப் பலகை. மகள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். எனக்கு மூச்சு வாங்கியதில் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது அதற்குக் கொஞ்சம் பிறகு, பெட்ர்ஷால்கா என்ற பிராட்டிஸ்லாவாவின் தென்கரைப் பகுதியில், அடுக்குமாடிகளுக்குக் கீழே ஒரு சூப்பர்மார்க்கெட் திறந்திருந்தபோது. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி, தானியங்கிக் கதவு திறந்து திறந்து மூடுகிறது, ஜனங்கள் பையோடு வருகிறார்கள். ஸ்லோவாக்கியாவில் ஞாயிறும் கடை உண்டு. எனக்கு எல்லை என்பது அந்தக் கதவுதான். 'ரோஷ்கி' என்ற நீளமான குட்டி ரொட்டி ஆறு, வாழைப்பழம் நாலு, கொஃபோலா என்ற பழைய செக்கோஸ்லோவாக்கியக் கோலா ஒரு பெரிய பாட்டில். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தே தீர்த்தோம். ஒரு பாட்டி எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நல்லதாகத்தான் இருக்கும்.

பணம் மாற்ற வேண்டாம், 2009 முதல் அங்கேயும் யூரோதான். சில்லறை எண்ணும்போது தாளைப் பார்த்தேன், ரோமன், கிரேக்கம், சிரிலிக் என்று மூன்று எழுத்து. நம் ரூபாய்த் தாளில் தமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று 1998-இல் இங்கே எழுந்த கொந்தளிப்பும், அச்சிட்ட தாள்களைத் திரும்பப் பெற்றதும் ஞாபகம் வந்தது. இருபத்துச் சொச்சம் மொழி பேசுகிறவர்கள் மூன்று எழுத்தில் எப்படிச் சமாளிக்கிறார்களோ. சரி, அது வேறு பேச்சு.

போன்: ஐரோப்பிய சிம் ஒன்று வாங்கிவிடும், ஆஸ்திரியாவில் வாங்கியது ஸ்லோவாக்கியாவிலும் அதே விலைக்கு ஓடும். நம் ஊர் சிம்மை நம்பினால் ரோமிங் கட்டணம் சைக்கிள் வாடகையைத் தாண்டும்.

சட்டம் மட்டும் எல்லையில் மாறுகிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்லோவாக்கியாவில் ஊருக்கு வெளியே சாலையில் பெரியவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். குடி விஷயத்திலும் ஸ்லோவாக்கியா கடுமை. ஆஸ்திரியாவில் எலுமிச்சைச் சோடா கலந்த பீருக்கு 'ராட்லர்' என்று பேர், ராட்லர் என்றால் சைக்கிள்காரர். பேரைப் பார்த்து ஏமாந்து எல்லைக்கு முன்னால் இரண்டு ராட்லர் அடிக்க வேண்டாம்.

கடைசியாக எஸ்.என்.பி. பாலம், 2012 வரை 'புதுப் பாலம்' என்று பேர். 1972-இல் திறந்தது, ஒற்றைக் கோபுரத்தின் உச்சியில் பறக்கும் தட்டு மாதிரி ஓர் உணவகம். கார்கள் மேலே போகும், சைக்கிளும் நடப்பவர்களும் கீழே தனிப் பாதையில். ஆற்றுக்கு மேலே கார் சத்தத்துக்கு அடியில் போவது விசித்திரமாக இருக்கும். பாலம் தாண்டினால் பழைய நகரம், அதைப் பார்த்த கையோடு தலைமை ரயில் நிலையத்துக்குப் போனோம், அது மேட்டில் இருக்கிறது! அன்றைக்கு நான் கண்ட ஒரே அநியாயம் அது. நீர் பெட்ர்ஷால்கா நிலையத்தில் ஏறும். சமதரை, அங்கிருந்தும் வியன்னாவுக்கு ரயில் உண்டு. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். ஒன்பது மணி நேரம் போன தூரத்தை ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், ஜன்னல் வழியாக அந்த அணைமேட்டைத் தேடினேன், தெரியவில்லை.


மலைப்பாதை (சேன் தெனி, ரெயூனியன்):

டீச்சர், படித்துச் சிரித்தேன். ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். எல்லையை அந்த வயல்வெளியில் தாண்டுவது வீண். வடக்கே மோராவா ஆற்றில் தாண்ட வேண்டும்.

தம்பி, ஸ்டோப்ஃபன்ராய்டில் பாலமேறாமல் வடக்கே ஷ்லோஸ்ஹோஃப் அரண்மனைப் பக்கம் திரும்புங்கள். அங்கே மோராவாவின் மேல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமேயான பாலம் ஒன்று 2012-இல் திறந்தார்கள். கார் கிடையாது. பெயர் வைக்க இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஜெயித்தது சக் நோரிஸ்! அதிகாரிகள் மிரண்டுபோய் 'சுதந்திரப் பாலம்' என்று வைத்தார்கள். பாலம் இறங்கி ஆற்றோடு தெற்கே வந்தால் தேவின் கோட்டை, மோராவா டான்யூபில் கலக்கிற இடம். பனிப்போர்க் காலத்தில் அந்தக் கரை முழுக்க முள்வேலி. நீந்தித் தப்ப முயன்றவர்களைச் சுட்டிருக்கிறார்கள், இறந்தவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. 1989 டிசம்பர் 10 அன்று பிராட்டிஸ்லாவாவிலிருந்து பல்லாயிரம் பேர் நடந்தே எல்லை தாண்டி டீச்சர் சொன்ன ஹைன்பர்க் வரை போனார்கள். எனக்கு அப்போது பத்து வயது, தொலைக்காட்சியில் பார்த்த ஞாபகம்.

தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடும். தேவினிலிருந்து நகரத்துக்குள் வரும் சாலையில் கார் உண்டு, கவனம்.

இன்னொரு வேடிக்கை. நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள். ஆனால் ரெயூனியன் ஷெங்கனுக்குள் இல்லை. சொந்த நாட்டின் பாரிஸில் இறங்கும்போது எங்கள் அட்டையைப் பார்க்கிறார்கள், அந்நிய நாட்டுக்குள் சைக்கிளில் போனபோது யாரும் பார்க்கவில்லை.


தீவுச்சக்கரம்:

மூன்று பேருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "58 வயசுல அந்தம்மா போயிருக்காங்க, நீ ஏன்டா பயப்படுறே" என்கிறார், பயந்தது தான் என்பதே மறந்துவிட்டது.

இரண்டு சந்தேகம். ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை போய்விடலாமா? கால் பிரேக் இல்லாத வண்டி கேட்டால் தருவார்களா, ஜெர்மன் மொழியில் என்ன சொல்லிக் கேட்பது?


ரோஸ்ஹில் டீச்சர்:

சனிக்கிழமை மிக நல்லது. வழியில் ஊருக்குள் இறங்கினால் கடை இருக்கும். தவிர, அன்றைக்குக் காற்று சரியில்லை என்றால் ஞாயிறு மிச்சமிருக்கிறது. இந்த வசதி எனக்கு இல்லை.

'ஃப்ரைலாவ்ஃப்' என்று கேளும். பெடல் தடையில்லாமல் பின்னால் சுழலும் வண்டிக்கு அதுதான் சொல். கால் பிரேக் வைத்தது 'ரூக்ட்ரிட்'. கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் பெடலை ஒருமுறை பின்னால் சுழற்றிப் பாரும், வாய்வார்த்தையை நம்பாதீர்.

மலைப்பாதை ஐயா சொன்ன பாலம் எனக்குத் தெரியாமல் போயிற்று. மகளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது போன் செய்து கேட்டேன். "உங்க முட்டிக்கு இன்னும் பதினைந்து கிலோமீட்டர் வேண்டாம்னுதான் சொல்லலை" என்கிறாள். நீர் சின்ன வயது, அந்தப் பக்கமே போம். அப்போது ஹைன்பர்க், எஸ்-7 எல்லாம் ஆற்றின் மறுகரையில் இருக்கும். முடியாமல் போனால் ஷ்லோஸ்ஹோஃபுக்கு வடக்கே மார்ஷெக் நிலையம், அங்கிருந்து வியன்னாவுக்கு ரயில் உண்டு.


சாட்ஸ்வர்த் வண்டிக்காரன்:

விசா விஷயத்துல தப்பா சொல்லிட்டேன், சாரி ப்ரதர். உங்க பாஸ்போர்ட்டைப் பார்த்து எனக்குப் பொறாமை.

டீச்சரம்மா, ஒரு கேள்வி. முல்கூன்னா என்ன?


ரோஸ்ஹில் டீச்சர்:

முறுக்கு தம்பி. கிரியோல் வாயில் நூற்றைம்பது வருஷம் உருண்டு முல்கூ ஆகிவிட்டது.


சாட்ஸ்வர்த் வண்டிக்காரன்:

அட! எங்க ஊர்ல மர்க்கூ.